கட்டிலில் காயும் மாடுகள்

விருத்தாசலம்
ஞாயிற்றுக்கிழமை மதியம்

என் அன்பு மகள் வெண்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி இனியவன் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் புதன்கிழமை போனில் நீ அழுததைக் கேட்ட பிறகு அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். அதனால் நலமா என்று கேட்கவில்லை, சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன். அந்த மக்காச்சோளக் களி பழகிப்போய்விட்டது, கீரையோடு சாப்பிட்டால் நம் ஊர் கேழ்வரகுக் களி மாதிரியே இறங்குகிறது என்று ஆனியில் சொன்னாய், இப்போது கோபத்தில் அதை ஒதுக்கிவிட்டு அறைக்குள் பிஸ்கட் தின்றுகொண்டு கிடக்காதே. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் அழுகிறேன், நடுவில் உங்கள் ஊர் டவர் போய்விடுகிறது, இரண்டு பேரும் அழுததுதான் மிச்சம். கம்மாபுரத்துத் துர்காதேவி வெள்ளிக்கிழமை கிளம்பி உங்கள் பள்ளிக்கூடத்துக்கே வருகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்பினால் நான் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லலாம், நீயும் குறுக்கே பேச முடியாது.

துர்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். நீ ஸ்டேட்டஸில் போட்ட படங்களைப் பார்த்துத்தான் அந்தப் பெண்ணுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற ஆசையே வந்ததாம். மாமரத்தில் கரும்பலகையைச் சாய்த்துவைத்து, சுற்றிலும் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு நீ நிற்கிற படத்தைத் தன் போனில் முகப்பிலேயே வைத்திருக்கிறாள். நேற்று அவளும் அவள் அம்மாவும் ஸ்கூட்டியில் வந்தார்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு எந்தப் பக்கத்து நிலத்தை எடுப்பார்களோ என்று ஊரில் பேச்சாக இருக்கிற நேரத்தில் பெண்ணும் தூர தேசம் போகிறாளே என்று அந்த அம்மாவுக்கு ஒரே கலக்கம். நான் என்ன செய்தேன் தெரியுமா, பெரிய அனுபவசாலி மாதிரி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கொசுவலை எடுத்துப்போக வேண்டும், ஊறுகாயை இரண்டு கவரில் கட்ட வேண்டும், தான்சானியா வெயில் நம் ஊர் வெயிலுக்குப் பக்கத்தில்கூட நிற்காது, டீச்சர் உள்ளே வந்தால் பிள்ளைகள் எழுந்து பாட்டாகவே வணக்கம் சொல்லும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். "எங்க வெண்பா அங்க ராஜாத்தியாட்டம் இருக்கா, நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க" என்றும் சொன்னேன். சமையற்கட்டில் இனியவன் சிரிக்கிற சத்தம் கேட்டது, அவனை அப்புறம் கவனித்துக்கொண்டேன். போகும்போது துர்கா, "அக்கா அங்க இருப்பாங்கல்ல ஆன்ட்டி, ரெண்டு பேருக்கும் ஒரே ரூமுன்னு சொல்லியிருக்காங்க" என்று கேட்டாள். இருப்பாள் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வண்டி தெருமுனை திரும்பின பிறகுதான், "நான் வந்துடறேம்மா" என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

கொம்பு விஷயத்தை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள். பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் மிருகங்களின் பெயர் சொல்லிக்கொடுக்கப் பொம்மை வேண்டும் என்று நீ கேட்டாய். பொங்கல் முடிந்த கையோடு, உங்கள் தொண்டு நிறுவனத்து ஆட்கள் கப்பலில் அனுப்பிய புத்தகப் பெட்டிகளோடு சேர்த்து அனுப்பிவைத்தேன். யானை, ஆடு, கோழி எல்லாம் சாதுவாகத்தான் வந்து இறங்கின. மாட்டில்தான் வினை. மாட்டுப் பொம்மையைக் கையில் எடுத்தால் என் பிரஷ் நேரே கொம்புக்குப் போய் ஒன்றுக்குச் சிவப்பும் ஒன்றுக்கு நீலமும் பூசிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறது, அதிலும் பொங்கல் சமயம் என்றால் கேட்கவே வேண்டாம். அதோடு விட்டேனா என்றால் இல்லை. எங்கே சரக்கு அனுப்பினாலும் வழியில் உரசிப் பெயிண்ட் பெயர்ந்தால் தொட்டுக்கொள்ள அதே நிறத்தில் சின்ன டப்பாவும் ஒரு பிரஷும் கூடவே வைப்பது நம் பீங்கான் பொம்மைப் பட்டறை வழக்கம், திண்டிவனத்துக்குப் போனாலும் வைப்போம், தான்சானியாவுக்குப் போனாலும் வைப்போம். எல்லாம் எனாமல் பெயிண்ட், தண்ணீர் ஊற்றினால் போகாது, சிரிக்கும்.

அப்புறம் அந்த வீடியோ கால். மாட்டுக்கு ஏன் இப்படிக் கொம்பு என்று உன் வகுப்புப் பிள்ளைகள் கேட்டதும் உங்கப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிற மனிதர் அன்றைக்குக் கல்லூரிப் பேராசிரியர் ஆகிவிட்டார். "வருசம் பூரா நமக்குன்னு ஒழைக்குற மாட்டுக்கு நாம செய்யுற மரியாத அது, கொம்புக்கு வர்ணம் பூசுனா மாட்டுக்கும் சந்தோசம், மாட்டுக்காரருக்கும் சந்தோசம்" என்று அவர் சொல்லச்சொல்ல நீ அவர்கள் பாஷையில் சொன்னாய். நீ சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தை அந்தப் பிள்ளைகள் இப்படிக் கேட்டார்களா என்று தெரியாது, இதைக் கண்ணிமைக்காமல் கேட்டார்கள். தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கேன் பால் அனுப்புகிற ஜூமாவுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று அவர்களுக்கே தோன்றியிருக்கிறது. மேய்ச்சலில் நின்ற அவருடைய நல்ல மாடுகளாகப் பார்த்துப் பிடித்து ஒரு கொம்புக்குச் சிவப்பு, ஒரு கொம்புக்கு நீலம். அந்த மாடுகள் அவர் மகன் கல்யாணத்துக்குப் பெண் வீட்டுக்கு ஓட்டிக்கொடுக்க ஒதுக்கிவைத்தவை என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும். பெண் வீட்டார் மாடு பார்க்க வந்தவர்கள், இது வேறு யாருக்கோ முடிவாகி அடையாளம் போட்ட மாடு, எங்களை ஏமாற்றப் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டு உட்காராமலே போய்விட்டார்கள். கல்யாணம் நின்றுகிடக்கிறது. ஜூமா பாலையும் நிறுத்திவிட்டார், தன் பெண்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார், அவரைப் பார்த்து இன்னும் சிலரும் நிறுத்திவிட்டார்கள். பெரிய டீச்சர் நீமா உன்னைக் கொஞ்ச நாள் வகுப்புக்கு வராதே, சூடு ஆறட்டும் என்று சொல்லிவிட்டார்கள். நீ கதவைச் சாத்திக்கொண்டு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாய். இவ்வளவுதானே.

கோபித்துக்கொள்ளாதே, போனை வைத்ததும் முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிவப்பும் நீலமுமாகக் கொம்பை வைத்துக்கொண்டு அந்த மாடுகள் ஒன்றும் தெரியாமல் புல் மேய்ந்துகொண்டு நிற்பதை நினைத்தால் யாருக்குத்தான் வராது. அப்புறம் அந்தக் கல்யாணப் பையனை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பெண் வீட்டார் மேலும் தப்பில்லை. நம் வேப்பூர் ஆட்டுச் சந்தையில் வாங்கின ஆட்டுக்கு முதுகில் சாயத்தைத் தடவித்தானே ஓட்டிப்போகிறார்கள், சாயம் இருக்கிற ஆட்டை இன்னொருத்தர் விலை கேட்பாரா. உங்கப்பா முகம்தான் பார்க்க முடியவில்லை. கொளஞ்சியப்பர் கோயிலில் போய் ஒரு பிராது எழுதிக் கட்டிவிட்டு வருகிறேன், சாமி பார்த்துக்கொள்ளும் என்றார். பிராது என்றால் எதிரி பெயர் போட வேண்டுமே, யார் பெயரைப் போடுவீர்கள், வீடியோ காலில் பிரசங்கம் செய்தவர் பெயரையா என்று கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் சாயங்காலம்தான் வந்தார். கோயிலுக்குப் போகவில்லை, கருவேப்பிலங்குறிச்சியில் மாடு வைத்திருக்கிற சக்கரபாணி வீட்டுக்குப் போய்வந்திருக்கிறார். காய்ந்த பெயிண்டை எடுக்கத் தின்னர் எல்லாம் மாட்டின் கண் பக்கமே கொண்டுபோகக் கூடாதாம். மெல்லிய உப்புத்தாளால் கொம்பை மேலிருந்து கீழாக ஒரே பக்கமாகத் தேய்த்து, அப்புறம் விளக்கெண்ணெய் தடவித் துணியால் துடைத்தால் போய்விடுமாம். "பழைய கொம்ப வுட பளபளன்னு இருக்கும், பொண்ணு வூட்டுக்காரங்க இன்னொரு சோடி கேப்பாங்க" என்று சிரித்தாராம். சக்கரபாணி எதற்கும் சிரிக்கிறவர்தான், ஆனால் மாட்டு விஷயத்தில் பொய் சொல்லமாட்டார்.

இப்போது பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன், இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். நீ போன் செய்ததற்கு மறுநாள் யானைப் பொம்மைகளுக்குப் பளபளப்புக்கான கிளேஸ் பூசிக்கொண்டிருந்தேன். கை அங்கே இருந்தது, நான் தான்சானியாவில் இருந்தேன். ஒரு யானைக்குக் கனமாகப் பூசிவிட்டேன் போலிருக்கிறது. பொதுச் சூளையில்தான் எல்லாப் பட்டறைக்காரர்களுடைய சரக்கும் ஒன்றாக வேகிறது என்று உனக்குத் தெரியும். நேற்றுக் காலையில் சூளை பிரித்தால், என் யானையின் கிளேஸ் உருகி வழிந்து, பக்கத்தில் இருந்த, இன்னொரு பட்டறை முத்தாயியின் ஊறுகாய் ஜாடியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. யானை ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. முத்தாயி இன்னும் வரவில்லை. இந்த மாதிரி ஆனால் யாருடைய கிளேஸ் வழிந்ததோ அவர்தான் மற்றவருடைய பட்டறைக்குப் போய் அங்கே இருக்கிற எல்லாருக்கும் டீ சொல்ல வேண்டும், ஒட்டின இரண்டையும் தன் பட்டறைக்கு எடுத்துவந்துவிட வேண்டும். அவர் நம்மைத் தேடி வருவதற்குள் நாம் போய்விட வேண்டும், அதுதான் கணக்கு. அவர் முதலில் வந்து கேட்டுவிட்டால் அப்புறம் நூறு டீ சொன்னாலும் சண்டைதான். மன்னித்துக்கொள் என்று வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் எங்களுக்குள் இல்லை. அவர்கள் டீயைக் குடித்துவிட்டால் சரி, விஷயம் முடிந்தது.

நானும் போனேன், டீயும் சொன்னேன். முத்தாயி வந்து ஒட்டிக்கொண்ட இரண்டையும் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் வாயை உனக்குத் தெரியும். "எஞ்சாடிக்குக் காவலுக்கு ஆனய அனுப்பிச்சியா வாசுகி" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தாள். பட்டறையே சிரித்தது. அங்கே அந்தச் சிரிப்புக்கு நடுவில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஜூமா வீட்டுக்கு இதுவரை யாராவது போனீர்களா. பெரிய டீச்சர் சூடு ஆறட்டும் என்கிறார்கள், நீ அறைக்குள் இருக்கிறாய், பிள்ளைகள் பயத்தில் அந்தப் பக்கமே போவதில்லை. அந்த மனிதருக்குத் தெரிந்ததெல்லாம் யாரோ தன் மாட்டைக் கெடுத்துத் தன் மகன் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள் என்பதுதான். அது மரியாதை என்று அவருக்கு யார் போய்ச் சொன்னது. சூளை வேண்டுமானால் மூடிவைத்தால் தானாக ஆறும். மனுஷருக்கு மூடிவைக்க மூடிவைக்கச் சூடு ஏறத்தான் செய்யும்.

அதனால் சொல்கிறேன், கேள். பெரிய டீச்சரிடம் போய்ச் சொல்லிவிட்டு, முடிந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு, பிரஷ் பிடித்த அத்தனை பிள்ளைகளோடும் ஜூமா வீட்டுக்குப் போ. தனியாகப் போகாதே, நீ மட்டும் போனால் நீ மட்டும்தான் தப்பு செய்தாய் என்று ஆகிவிடும். வெறுங்கையோடும் போகாதே, டீத்தூளும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு போ, அங்கே என்ன கொடுத்தால் மரியாதையோ அதையும் கேட்டுக்கொள். முதலில் அவர் கத்தட்டும், கத்தி முடிக்கிறவரை எதிர்ப்பேச்சு வேண்டாம். உனக்கு அவர்கள் பாஷை வேகமாக வராது என்பது இந்த ஒரு விஷயத்துக்கு நல்லதுதான். அப்புறம் நம் ஊரில் மாட்டுக்கு ஏன் வர்ணம் பூசுகிறோம் என்பதை நீ சொல்லாதே, பிள்ளைகளைச் சொல்லவிடு. பாலுக்காக உங்களுக்குச் செய்த மரியாதை என்று அவர்கள் வாயால் சொன்னால் அவருக்கு இறங்கும். பிறகு அவர் சரி என்றால் பிள்ளைகளே உப்புத்தாளை வைத்துத் தேய்க்கட்டும், மாட்டை அவர் ஆட்கள் பிடித்துக்கொள்ளட்டும், நீ கொம்புக்கு முன்னால் போய் நிற்காதே. தேய்த்த கையோடு அவரும் பெரிய டீச்சருமாகப் பெண் வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினால் கல்யாணம் நடந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. நடக்காவிட்டால்கூட, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தாய் என்று இருக்கும். ஓடி வந்துவிட்டால் அந்த வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கு என்ன தெரியும் சொல், ஒருத்தருக்கு நல்லது செய்யப்போனோம், நம்ம டீச்சரே ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்றுதான் தெரியும். ஒன்று முதல் நூறு வரை நீ சொல்லிக்கொடுத்தது மறந்துபோகும், இது மறக்காது.

இப்படியெல்லாம் வக்கணையாக எழுதுகிறேனே, புதன்கிழமை நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வந்துடறேம்மா என்று நீ சொன்னதும் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. அழுதுகொண்டே எழுந்துபோய் உன் கட்டிலில் கிடந்த இனியவனுடைய துணிகளை எல்லாம் அள்ளி வெளியே போட்டேன். மெத்தையை வெயிலில் காயவைத்துத் தட்டி, போன தீபாவளிக்கு எடுத்த பூப்போட்ட விரிப்பை விரித்து, தலையணைக்கு உறை மாற்றினேன். தம்பியை அனுப்பி நீ கேட்கிற முறுக்குக்குப் பச்சரிசி வாங்கிவரச் சொன்னேன். அந்தக் கட்டிலின் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் பார்த்தேன். ஒரு தாய் மனது அப்படித்தான் இருக்கும், அதற்கு நான் வெட்கப்படவில்லை. நீ வந்தால் எனக்கு லாபம்தான், எனக்கு மட்டும்தான் லாபம். முத்தாயி டீ குடித்துவிட்டுப் போன பிறகு அதை நினைத்தபோதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து மெத்தையைச் சுருட்டி மேலே போட்டுவிட்டேன்.

துர்கா கையில் கொடுத்திருக்கிற பையில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள். உப்புத்தாள் ஒரு கட்டு, எல்லாம் மெல்லிய ரகம், அப்பா வாங்கினது. விளக்கெண்ணெய் பாட்டிலை மூடியைச் சுற்றி டேப் ஒட்டி இரண்டு கவரில் போட்டிருக்கிறேன். முறுக்கு டப்பா உனக்கும் துர்காவுக்கும், அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிடு, அவள் வெட்கப்பட்டுக் கேட்கமாட்டாள். துணியில் சுற்றியிருப்பது ஒரு ஜோடி மாடு, ஜூமா மகன் கல்யாணத்துக்கு எங்கள் சார்பில் பரிசு. கொம்பைப் பார்த்துப் பயப்படாதே, மாட்டுக்குக் கொம்பு எப்படி இருக்குமோ அப்படியே சாம்பல் நிறத்தில் விட்டிருக்கிறேன். கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு அதைப் பூசி முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தத் தடவை பெயிண்ட் டப்பா வைக்கவில்லை, பெயர்ந்தால் பெயர்ந்துவிட்டுப் போகட்டும். யானையும் ஜாடியும் ஒட்டினது நம் வீட்டு டிவி மேல் இருக்கிறது, பிரிக்க வேண்டாம் என்று இனியவன் சொல்லிவிட்டான்.

பழமலைநாதரும் கொளஞ்சியப்பரும் உனக்குத் துணையாக இருக்கட்டும். உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் நன்றாக இருக்கட்டும், அந்தக் கல்யாணப் பையன் நல்லபடியாகக் குடித்தனம் செய்யட்டும். கொதிக்கவைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும், சாயங்காலம் கொசுக்கடிக்கு முன்னால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள், துர்காவுக்கு ஜன்னல் பக்கத்துக் கட்டிலைக் கொடு. மார்கழியில் பள்ளிக்கூடம் முடிந்ததும் வா. இப்போது வராதே, வந்தால் உனக்குப் படுக்க இடம் கிடையாது. நவராத்திரி ஆர்டரில் கண்ணன் செட்டுக்கு வேண்டிய மாடுகளை எல்லாம் பெயிண்ட் அடித்து உன் கட்டிலில்தான் பேப்பர் விரித்துக் காயவைத்திருக்கிறேன், கட்டில் முழுக்க மாடுதான். உங்கப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "நடுவுல ஒரு ஆளு படுக்குற எடத்த வுட்டுட்டு இல்ல சுத்தி அடுக்கி வச்சிருக்குற" என்றார். கை எட்டி எடுக்க வசதிக்காக விட்டேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நீயும் நம்ப வேண்டாம், ஆனால் ஜூமா வீட்டுக்குப் போய் அவர் டீயைக் குடித்த பிறகு எனக்கு ஒரு போன் செய்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. வாசுகி